வரிக்கு வரி என் பெயர்

போன வாரம் எங்கள் கம்பெனிக் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டம் என்றால் ஒன்றுமில்லை, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி மடிக்கணினிக்கு முகம் காட்டுவதுதான். மேலே முழுக்கைச் சட்டையும் கீழே லுங்கியுமாக நான் சிதம்பரத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஆரம்பிக்கிற வேலைக்கு எல்லோரும் எந்த எடிட்டரை வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் இல்லை. புரோகிராம் எழுதுவதற்கென்றே இருக்கிற மென்பொருள். தச்சருக்குப் பட்டறை மாதிரி எங்களுக்கு அது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினைந்து வருஷ அனுபவத்தை எடுத்துவிடத் தயாராக இருந்தேன். அதற்குள் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், "யாருக்கு எது கை பழகியிருக்கோ அத வெச்சுக்கட்டும் சார். மத்தத சர்வர் பாத்துக்கும்" என்றாள். திரையில் வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்தன. நாலே நிமிஷம், கூட்டம் முடிந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், உங்களிடம் சொல்ல என்ன? இந்தப் பிள்ளைகள் நாலு நிமிஷத்தில் முடிக்கிற விஷயத்துக்கு நாங்கள் ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். அந்த ஒரு மாதத்தில் நான் என்னவாக ஆனேன் என்று இவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இவர்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் இவ்வளவு லேசாகக் கிடைக்கிறது?

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஒரு கிண்ணத்தில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். பண்ருட்டிப் பழம். வாசனை அறை முழுக்க ஏறியது. வேறு யாருக்காவது பலாப்பழ வாசனை வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு பெயிண்ட் கடை மாடியில், எட்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்கள் பழைய ஆபீஸ் ஞாபகம் வரும். பிசுக்குப் பிடித்த கீபோர்டு ஞாபகம் வரும். ஸ்டெல்லா ஞாபகம் வருவாள்.

அப்போதெல்லாம் நான் தினமும் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டிச் செம்மங்குப்பம் வந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருக்கிற ரசாயனத் தொழிற்சாலைகளின் மருந்து வாடை வந்தால், கடலூர் வந்துவிட்டதென்று தூங்குகிறவனும் விழித்துக்கொண்டு இறங்கத் தயாராவான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன வேலை என்று கேட்டால், "சாப்ட்வேர்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். "அதுக்கு மெட்ராஸுக்கு இல்ல போவாங்க?" என்று அவர் கேட்பார். அதோடு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் முதலாளி கலியபெருமாள் சார். சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பம். சென்னையில் கம்ப்யூட்டர் விற்றுச் சம்பாதித்துவிட்டு, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நம்ம ஊரிலேயே வேலை கொடுக்கிறேன் என்று வந்தவர். தங்கமான மனுஷன். ஒரே குறை, அவருக்குப் புரோகிராமில் ஒரு எழுத்துத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார். "எனக்கு நடவு தெரியும், அறுப்பு தெரியும். ஒங்க வேலைய எப்படி அளக்கறதுன்னுதான் தெரியல" என்பார்.

நான்தான் அங்கே முதலில் சேர்ந்தவன். அடுத்து முருகவேல், என்னோடு கல்லூரியில் படித்தவன், வாய்க்கு வாய் மச்சான். ஒரு வருஷம் கழித்து வந்தவள் ஸ்டெல்லா. கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன், மாதா கோயில் தெரு. அப்பா துறைமுகத்தில் ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்தார். குவைத்துக்குப் போன சித்தப்பா மகன் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய லேப்டாப்தான் அவளுக்கு. ஒரு பக்கக் கீல் உடைந்திருக்கும். திரை சாய்ந்துவிடாமல் முதுகுக்கு ஒரு தடிப் புத்தகத்தை முட்டுக்கொடுத்திருப்பாள். எங்கள் ஆபீஸில் அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். சார் தருவது மேஜையும் மின்விசிறியும்.

அவள் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்ப்பது எனக்கு ஒரு சித்திரவதை. மௌஸைத் தொடவே மாட்டாள். விரல்கள் பாட்டுக்கு ஓடும். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பு வாசனைக்கு எல்லோரும் அவள் மேஜைக்கு நகர்ந்துவிடுவார்கள், முருகவேல் உள்பட. என் தயிர்சாதமும் நானும் தனியாக உட்கார்ந்திருப்போம். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை என்றால் பாருங்கள்.

பண்ருட்டியில் ஒரு பெரிய பலாப்பழ வியாபாரி எங்களிடம் வேலை கொடுத்தார். அவர் மண்டியிலிருந்து லாரிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் போகும். எந்தப் பழத்தை எந்த லாரியில் ஏற்றுவது என்பதுதான் சிக்கல். நாளைக்கே பழுக்கப்போகிற பழத்தைப் பம்பாய் லாரியில் ஏற்றினால் வழியிலேயே வெடித்துவிடும். நான் புத்திசாலித்தனமாக, ஒவ்வொரு பழத்துக்கும் "பழுக்கும் தேதி" என்று ஒரு கட்டம் வைத்துத் திரை தயாரித்தேன். வியாபாரி அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தேதி பாத்தா தம்பி பலாப்பழம் பழுக்குது?" என்றார்.

ஸ்டெல்லா என்ன செய்தாள் தெரியுமா? பஸ் ஏறிப் பண்ருட்டி மண்டிக்கே போய், மூன்று நாள் லோடு ஏற்றுகிறவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் பழத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் இன்னும் நாள் இருக்கிறது, பொத்தென்று கேட்டால் பழுக்கப்போகிறது. நடுவில் இன்னும் இரண்டு சத்தங்கள் உண்டாம். நனைந்த பழமென்றால் ஒரு நாள் முந்துமாம். இதையெல்லாம் நோட்டில் எழுதிவந்து, நாலு சத்தத்துக்கு நாலு பொத்தான் வைத்து, லாரி போகிற தூரத்தோடு பொருத்தி ஒரு புரோகிராம் எழுதினாள். தட்டுகிறவர் பொத்தானை அமுக்கினால் போதும், எந்த லாரி என்று திரை சொல்லிவிடும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் நீட்டா எழுதலாம்" என்றேன்.

வியாபாரி குளிர்ந்துபோய் வாரம் ஒரு பழம் அனுப்ப ஆரம்பித்தார். ஆபீஸிலேயே வெட்டிப் போடுவோம். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தாலும் பால் விரலிலே ஒட்டி, விரலிலிருந்து கீபோர்டுக்குப் போகும். அந்தப் பிசுக்குக்கூட ஸ்டெல்லாவின் வெற்றி என்றுதான் எனக்குப் படும்.

அடுத்து இன்னும் இரண்டு மண்டிகள் எங்களிடம் வருவதாகச் சொன்னார்கள். கலியபெருமாள் சார் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே இதுக்கு ஒரு டீம் லீடு வேணும். ஆளுக்கொரு எடிட்டர்னு இருந்தா சரிப்படாது, எல்லாம் ஒரே எடிட்டர்ல எழுதுங்க. ஒரு மாசம் பாப்பம். யாரு சொல்ற எடிட்டர் நிக்குதோ அவுங்கதான் லீடு" என்றார்.

லீடு யாராக இருக்க முடியும்? நானா, ஸ்டெல்லாவா என்பதுதான் கேள்வி. முதலில் வந்தவன் நான். அந்த நாற்காலி எனக்கென்று நானே மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தேன்.

என்னுடைய எடிட்டர் பெரிய சாமான். ஐ.டி.இ. என்பார்கள். எழுதுவது, ஓட்டுவது, பிழை தேடுவது எல்லாம் அதற்குள்ளேயே. திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தால்கூட இன்னும் திறந்துகொண்டிருக்கும். அவளுடையது சின்னஞ்சிறு எடிட்டர், தொட்டதும் திறக்கும். "ஒங்களுது கல்யாண மண்டபம்ணா, என்னுது ஒத்த ரூமு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆபீஸில் அன்றிலிருந்து மண்டபம், ஒத்த ரூம் என்று அதுவே பெயராகிவிட்டது. அவள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டதிலும் எனக்குக் கடுப்பு.

மண்டபம் வந்தால் அவள் லேப்டாப்பில் அது திறக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் அவளே முயன்று பார்த்தாள். லேப்டாப் சூடாகி, விசிறி அலறி, திரை அப்படியே நின்றுவிட்டது. "எனக்கு இது ஆவாது போலருக்கே" என்று முருகவேலிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

மண்டபத்தின் பெருமைகளைச் சாருக்குக் காட்டினேன். பலதும் அவருக்கு ஏறவில்லை. ஒன்று மட்டும் பிடித்துப்போனது. ஒரு பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் அதை எழுதியவர் பெயர் வரும். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா! நடவுல எந்த வரிசை யாரு நட்டதுன்னு பாத்தாப் போதும், ஆளு எப்படின்னு சொல்லிடலாம். அதுதான் இது" என்றார்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் வரிசை பார்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. சார் என் பின்னால் வந்து நிற்பார், நான் பலாப்பழக் கோப்பைத் திறந்து காட்டுவேன். ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஸ்டெல்லா, ஸ்டெல்லா, ஸ்டெல்லா. நடுவில் எங்கேயாவது ஒரு வரி முருகவேல். என் பெயர் தேடினால்கூடக் கிடைக்காது. "இந்தப் பொண்ணு வெளுத்துக் கட்டுது" என்பார் சார். என் எடிட்டரைத் திறந்து, என் கையாலேயே அவள் புகழைத் தினமும் காட்டிக்கொண்டிருந்தேன். இதைவிட ஒரு மடையன் கடலூர் மாவட்டத்தில் இருந்திருப்பானா?

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் அவள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவள் எப்போதும் வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து இடம் விடுவாள், நான் நாலு விடுவேன். எல்லாக் கோப்பையும் ஒரே தடவையில் சீராக்கும் கட்டளை ஒன்று அதில் உண்டு. "ஒழுங்குபடுத்தறேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதை அமுக்கினேன். ஒழுங்குபடுத்த வேண்டும் என்றுதான் அமுக்கினேனா? அன்றைக்குக் கேட்டிருந்தால் ஆமாம் என்று சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்குச் செய்ய மாட்டேன்.

இடைவெளி மாறினாலும் வரி மாறியதாகத்தான் அந்தக் கணக்கு, கடைசியாக மாற்றியவர் பெயர்தான் ஓரத்தில் வரும். மறுநாள் சார் வந்து நின்றபோது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை வரிக்கு வரி என் பெயர்.

"இன்னாப்பா இது! எல்லாத்தயும் நீயே புதுசா திருப்பி எழுதிட்ட போல!" என்றார் சார்.

"டீம் ஒர்க் சார்" என்றேன்.

அடக்கமாகச் சொன்னேன், அதுதான் கொடுமை. சார் என் தோளைத் தட்டினார். ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

அவர் போனதும் என் பக்கத்தில் வந்தாள். கோபமில்லை. அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. "அண்ணா, ஸ்பேஸ் மாத்தனதுல எல்லா வரியும் ஒங்க பேருக்கு வந்துடுச்சு. சார் தப்பா நெனச்சிக்கினாரு. நான் சொன்னா நல்லாருக்காது, நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணா" என்றாள்.

"சொல்றேம்மா" என்றேன்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. "மச்சான், சார்கிட்ட சொல்லிட்டியாடா?" என்று முருகவேல் கேட்டான். "சொல்லத்தான போறேன், ஏன் அவசரப்படற?" என்று எரிந்து விழுந்தேன். சார் அறைக் கதவுவரை ஒரு தடவை போனேன். உள்ளே அவர் போனில் யாரிடமோ, "நம்ம பையன் ஒருத்தன், மொத்தத்தையும் எழுதிப்புட்டான்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் நிற்கவைத்து சார் சொன்னார். "மண்டபமே இருக்கட்டும். தம்பிதான் லீடு." எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லா தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது சொல்லுவான் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் லேப்டாப்பில் மண்டபம் திறக்கவில்லை. திறக்காது என்று எனக்குத்தான் தெரியுமே. "புது மிஷின் வாங்கற வரைக்கும் டெஸ்டிங் பாக்கட்டும்" என்றார் சார். லீடு என்ற முறையில் அதை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். "சரிங்க சார்" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

ஏழெட்டு மாதம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசிப் பிழை என்னுடையது. ஒன்றைக்கூடக் குத்திக்காட்டிப் பேசியதில்லை. வரிசையாக எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு கல்யாணமாகிக் காரைக்கால் பக்கம் போய்விட்டாள். அங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று கேள்விப்பட்டேன்.

பழைய கோப்புகளில், அடியில் புதைந்தபடி, முதலில் யார் எழுதியது என்கிற வரலாறு இருக்கத்தான் செய்தது. தோண்டினால் ஸ்டெல்லா கிடைப்பாள். ஆபீஸில் எல்லோருடைய கோப்புகளும் இருந்த சர்வரை மாற்றிய நாளில் எல்லாவற்றையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிற வேலை என்னுடையது. "மச்சான், பழைய ஹிஸ்டரியும் சேத்து எடுத்துக்கவா?" என்று முருகவேல் கேட்டான். "எதுக்குடா? எடம் அடைக்கும். கடைசியா இருக்கறது மட்டும் போதும்" என்றேன். அப்படியே செய்தோம். பழைய சர்வரைத் துடைத்துவிட்டோம்.

லீடாக இருந்த மூன்று வருஷமும் அந்தப் பலாப்பழக் கோப்பில் நான் கை வைக்கவில்லை. கை வைக்கத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். மற்ற மண்டிக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், நாலு சத்தத்தை நாலு பொத்தானாக்கிய அந்த இடம் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரத்தில் என் பெயர் இருக்கிறது, உள்ளே அவள் மூளை இருக்கிறது. என் பெயரைப் பார்த்தே நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்படி ஒரு வியாதி வேறு யாருக்காவது உண்டா என்று தெரியவில்லை.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. பெயிண்ட் கடைக்காரர் மாடியையும் சேர்த்துக் குடோனாக்கிவிட்டார். மண்டபத்தைச் செய்த கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது, தேடினாலும் கிடைக்காது. முருகவேல் சிங்கப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான். மண்டிகளில் இப்போது எல்லாம் போனிலேயே, யார் யாரோ எழுதிய வேறு புரோகிராம்கள்.

இந்த வைகாசியில் கலியபெருமாள் சார் சேத்தியாத்தோப்பில் புது வீடு கட்டிக் குடிபோனார். பத்திரிகை அனுப்பியிருந்தார், போயிருந்தேன். தலை நரைத்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், சம்பந்தி வீட்டார் நடுவில் நிறுத்தினார். "நான் சொல்லுவன் இல்ல, அந்தப் பலாப்பழ சாப்ட்வேர ஒத்த ஆளா எழுதனவன், இவன்தான்" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றோ, வாய் தானாகத் திறந்துவிட்டது. "இல்ல சார். அத நான் எழுதல. ஸ்டெல்லா எழுதுனது. நான் ஸ்பேஸ் மட்டுந்தான் மாத்துனேன். அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல" என்றேன். இத்தனை வருஷம் கழித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சார் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அன்னிக்கி கேட்டப்பவும் இதே மாதிரிதான், டீம் ஒர்க்குன்னான். இவ்ளோ தன்னடக்கம் யாருக்கு வரும் சொல்லுங்க! டேய், ஓரத்துல வரிக்கு வரி ஒம் பேரு இருந்துச்சே, நான் எங் கண்ணால பாத்தவன்டா." சம்பந்தி வீட்டார் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்.

"இல்ல சார், நெசமாத்தான். ஸ்டெல்லா சார். ஓ.டி.ல இருந்து வருவாங்களே."

சார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஸ்டெல்லா... யாரு, டெஸ்டிங்ல இருந்துச்சே, அந்தப் பொண்ணா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் புரோகிராம் எழுதினாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை, இடம் அடைக்கும் என்று சொல்லி, நான்தான் அழித்திருந்தேன்.